மழைக்காலத்தில் அடித்த பி.யூ. பாலிஷ் உரிந்துவிட்டது, என் தேக்குத் தளத்தைச் சரிசெய்து கொடுங்கள்

2025 ஜூன் 12
முட்டுக்காடு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டுக்காட்டில் எங்கள் வீட்டின் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி இருக்கும் மரத்தளத்தைப் புதுப்பிக்கச் சொல்லி உங்களிடம் வேலை கொடுத்தவன் நான். 24 அடிக்கு 12 அடி, மொத்தம் 288 சதுர அடி. 2024 நவம்பர் 18 முதல் 22 வரை உங்கள் ஆட்கள் வேலை பார்த்தார்கள். சதுர அடிக்கு 220 ரூபாய் வீதம், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 74,765 ரூபாய் கட்டியிருக்கிறேன், ஐந்து வருட உத்தரவாதம் என்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்த அட்டையும் என்னிடம் இருக்கிறது. ஏழு மாதம்கூட ஆகவில்லை, நீங்கள் அடித்த பி.யூ. பாலிஷ், அதாவது மரத்தின் மேல் படலமாக நிற்கும் பாலியூரித்தேன் பூச்சு, தளம் முழுக்கத் தோல் தோலாக உரிந்து கிடக்கிறது. மூன்று முறை போன் செய்து, இரண்டு முறை படம் அனுப்பி, கடைசியில் போன வாரம் வந்த பதில் இது இயற்கையான தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்பது. இதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

இது கடையில் வாங்கிய மரம் இல்லை. தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கட்டிய வீட்டைப் பங்கு பிரித்து இடித்தபோது கிடைத்த பர்மா தேக்கு உத்தரங்களை லாரியில் ஏற்றிவந்து, ஒரு அங்குலப் பலகைகளாக அறுத்து, 2016-ல் போட்ட தளம். வைரம் பாய்ந்த கட்டை. அப்பாவுக்கு இப்போது 78 வயது, காலையில் காபியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அங்கே போய் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார். எட்டு வருடத்தில் மரம் நரைத்திருந்தது, நிழல் விழும் ஓரத்தில் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான், ஒரு பலகைகூட உளுக்கவில்லை. அந்த நரை மேல்தோலோடு நிற்கிற விஷயம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, வெளுத்த நார் மட்டும் மேலே நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. பதமாகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, நிறமி கலந்த எண்ணெயை ஊறவிட்டால் போதும் என்று எங்கள் ஆசாரி சொன்னார், நான் உங்களிடம் கேட்டதும் அதைத்தான்.

உங்கள் மேற்பார்வையாளர் தம்பிதான் எண்ணெய் வேண்டாம் சார், வருடா வருடம் செலவு வைக்கும், பி.யூ. பாலிஷ் அடித்தால் கண்ணாடி மாதிரி நிற்கும் என்று சொன்னார். நானும் நம்பிவிட்டேன். அது வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கும் மேசைக்கும் சரி. நிறமே இல்லாத பாலிஷைத் திறந்தவெளியில் அடித்தால் வெயில் அதற்குள் ஊடுருவி அடியில் இருக்கும் மரத்தைத் தாக்கிக்கொண்டேதான் இருக்கும், மேல்நார் பலமிழந்ததும் பாலிஷுக்குப் பிடிமானம் போய்விடும். எண்ணெய் அப்படி இல்லை, மரத்துக்குள் இறங்குகிறது, அதில் இருக்கும் நிறமி கதிரைத் தடுக்கிறது, காலப்போக்கில் மங்குமே தவிர உரியாது, மங்கினால் கழுவிவிட்டு இன்னொரு கை கொடுத்தால் முடிந்தது. இதெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்தது ஈரம், என் முக்கியமான புகாரே இதுதான். நவம்பர் நடுவில் வடகிழக்குப் பருவமழைக் காலம். உங்கள் ஆட்கள் வருவதற்கு முந்தைய வாரம் விட்டுவிட்டு மழை பெய்துகொண்டே இருந்தது. 18, 19 இரண்டு நாளும் பிரஷர் மெஷின் வைத்துக் கழுவினார்கள், முனையை மரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்கூடப் பிடிக்காமல் ஒட்டவைத்து அடித்ததில் நார் எழும்பிப் பஞ்சு மாதிரி நின்றது, நான் சொன்ன பிறகுதான் தள்ளிப் பிடித்தார்கள். 20-ஆம் தேதி உப்புத்தாள் போட்டார்கள், 21 காலையில் முதல் கோட் அடித்துவிட்டார்கள். அடிப்பதற்கு முன்னால் மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. மீட்டர் இல்லையா என்று கேட்டேன், வெயில் அடிக்குது சார், காஞ்சிரும் என்றார்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஒரு அங்குலக் கட்டைக்கு உள்ளே? இத்தனைக்கும் பலகையின் அடிப்பக்கத்துக்கும் அறுத்த முனைகளுக்கும் ஒரு கோட்கூடக் கிடையாது. தரையில் இருந்து ஏறும் ஈரமும் உள்ளே இருந்த ஈரமும் வெளியே வர வழியில்லாமல் மேல்பக்கத்தை மட்டும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, இங்கே கொட்டிய மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரியில் பாலிஷுக்கு அடியில் பால் சிந்தினது போல வெள்ளைத் திட்டுகள் வந்தன. அன்றே படம் அனுப்பினேன், வெயில் வந்தால் போய்விடும் என்று பதில் வந்தது. மார்ச்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கத்திரி வெயிலில் அத்தனையும் வெடித்து உரிந்தது. இப்போது அந்த ஓரங்கள் சிப்பி மாதிரி கூர்மையாக நிற்கின்றன, அப்பாவின் காலில் இரண்டு முறை குத்திவிட்டது. போன வாரம் நானே ஒரு ஈரமானி வாங்கிக் குத்திப் பார்த்தேன். பாலிஷ் உரிந்து வெறும் மரமாக இருக்கும் இடத்தில் 12 சதவீதம், பாலிஷ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் 20. மழை பெய்து நாளாகிவிட்டது. படங்களை இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

ஸ்குரூ விஷயமும் இருக்கிறது. உடைந்த 40 ஸ்குரூவை மாற்றினீர்கள், பில்லில் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்று போட்டிருக்கிறது. காந்தம் வைத்தேன், பட்டென்று ஒட்டியது. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் மை ஊற்றினது போலக் கறுப்பு வளையம், துருவில் இருந்து வரும் இரும்பு தேக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். கடலில் இருந்து இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்றைத் தாங்கும் 316 தர எஸ்.எஸ். போட வேண்டிய இடத்தில் சாதா இரும்பா?

போனில் கடைசியாக நீங்கள் சொன்ன யோசனை, பாதிக் கட்டணத்துக்குப் பெரிய சாண்டிங் மெஷின் போட்டு மூன்று மில்லிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பவும் பி.யூ. அடித்துக் கொடுக்கிறோம் என்பது. முடியாது. 25 மில்லிமீட்டர் பலகை அது. ஐயா வீட்டு மரத்தை நீங்கள் செய்த தப்புக்காக இழைத்துக் குப்பையில் கொட்ட நான் சம்மதிக்க மாட்டேன், அதற்கு நானே காசும் கொடுக்க மாட்டேன்.

எனக்கு வேண்டியது இது. பாலிஷை ரிமூவர் போட்டு, கையால் சுரண்டி எடுங்கள், அப்புறம் 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். கறுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் போட்டு நன்றாக அலசுங்கள், பிளீச்சிங் பக்கமே போக வேண்டாம், அது நாரைத் தின்றுவிடும். 40 ஸ்குரூவையும் 316-ல் மாற்றுங்கள். உரிப்பதையும் ஸ்குரூவையும் இப்போதே செய்துவிடலாம், ஆனால் எண்ணெய் கொடுப்பதைத் தை பிறந்த பிறகு, ஜனவரி கடைசிக்கும் மார்ச்சுக்கும் நடுவில், ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததை என் கண் முன்னால் அளந்து காட்டிவிட்டு, காலைப் பனி காய்ந்த பிறகு செய்ய வேண்டும். முனைகளுக்கும் சேர்த்து. இது எல்லாம் கட்டணம் இல்லாமல். செய்ய முடியாது என்றால் 74,765 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள், நான் எங்கள் ஆசாரியை வைத்தே பார்த்துக்கொள்கிறேன்.

15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருட அவகாசமும் எனக்கு இருக்கிறது. போக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை, எனக்குத் தளம்தான் வேண்டும்.

பில், உத்தரவாத அட்டை, ஜனவரி முதல் ஜூன் வரை எடுத்த படங்கள், நாம் அனுப்பிக்கொண்ட செய்திகள் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்புவதாக இருந்தால் முன்னாலேயே போன் செய்துவிட்டு அனுப்புங்கள். நான் வீட்டில் இல்லாதபோது யாரும் மெஷினோடு வந்து அந்தப் பலகைகளைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
முட்டுக்காடு வாடிக்கையாளர்