பிரபஞ்சத்தின் விட்டம் பற்றி ஒரு விண்ணப்பம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நூல்கள் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் வினா-விடைப் புத்தகத்தில் 'பிரபஞ்சத்தின் விட்டம் 9,300 கோடி ஒளியாண்டுகள்' என்று அச்சாகியிருக்கிறது. "அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, தாத்தா?" என்று கேட்டாள். வகுப்பிலும் கேட்டாளாம். பரீட்சைக்கு வராது என்று உட்கார வைத்துவிட்டார்களாம். எனக்கு மனம் ஆறவில்லை.

எண் சரிதான். ஆனால் அது நமக்குத் தெரியும் பகுதியின் அளவு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதற்குள் எந்த இடங்களிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை எட்டியதோ, அந்த இடங்கள் இடைவெளி விரிந்துகொண்டே போனதால் இன்று அவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன. நடுக்கடலில் நிற்கும் படகோட்டிக்குத் தொடுவானம் தெரிகிறதே, அதுபோல. கடல் அங்கே முடிகிறது என்று எந்தப் படகோட்டியும் சொல்லமாட்டான்.

வேறு சில நூல்கள் 'பிரபஞ்சம் முடிவற்றது' என்று அடித்துச் சொல்கின்றன. 2009-ல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம், பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சை வானம் முழுக்க அளந்தது. அதிலுள்ள வெப்பத் திட்டுகள் வழக்கமாக ஏறக்குறைய ஒரு டிகிரி அகலம், அதாவது இரண்டு முழுநிலவு அகலம். பிரபஞ்ச வெளி வளைந்திருந்தால் அவை பெருத்தோ சிறுத்தோ தெரிந்திருக்கும். அளந்த வரையில் வெளி தட்டையாகவே இருக்கிறது. தட்டை என்றதும் முடிவற்றது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பேத்தியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முக்கோணம் வரையச் சொன்னேன். மூன்று கோணங்களையும் கோணமானியால் அளந்து கூட்டினாள்: 180 டிகிரி. தட்டை என்பதற்கு அதுதான் அடையாளம். தாளைக் குழலாகச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டோம். முக்கோணம் கசங்கவில்லை, கோணங்களும் மாறவில்லை; அந்தக் கணக்கில் குழலும் தட்டைதான். குழலைச் சுற்றி விரலை ஓட்டினாள். புறப்பட்ட இடத்துக்கே வந்தாள். அந்தத் திசையில் ஓரமே கிடையாது, சுற்றளவோ ஒரு சாண்தான்!

பிரபஞ்சமும் அப்படிச் சுருண்டிருந்தால் ஒரே இடத்தின் ஒளி இரண்டு திசைகளிலிருந்து நம்மை எட்டலாம். அதை அறிய, அந்த நுண்ணலைக் கதிர்வீச்சில் வானின் வெவ்வேறு திசைகளில் ஒரே மாதிரியான வட்டங்களைத் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. சுருள் நம் தொடுவானத்தைவிட மிகப் பெரிதென்றால் கிடைக்கவும் கிடைக்காது.

ஆகவே, விட்டத்தைச் சொல்லும் வரியில் 'நமக்குத் தெரியும்' என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள். கீழே, 'முழுப் பிரபஞ்சம் முடிவுள்ளதா, முடிவற்றதா என்பது இன்னும் தெரியாது' என்று அச்சிடுங்கள். தாள் சுருட்டுவதைச் செயல்பாடாகக் கொடுங்கள். புதிய பதிப்பு ஜூனில் வரும் என்றார் புத்தகக் கடைக்காரர். இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு தாத்தா