திருப்பணி நிறைவு அறிக்கை: கோயில் மைக் செட் மறுபடி பேசுகிறது

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்து, 48 நாள் மண்டலாபிஷேகமும் பூர்த்தியாகிவிட்டது. கோபுர வர்ணம், பிரகாரத் தளவரிசை, மடப்பள்ளிக் கூரை ஆகியவற்றின் வரவு செலவுக் கணக்கு மகா மண்டபத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது. இந்த அறிக்கை கடைசியாக மிச்சமிருந்த மைக் செட் வேலையைப் பற்றியது. செலவில் சிறியதுதான். ஆனால் "ஓதுவார் பாடுவது பிரகாரத்தில் ஏன் கேட்பதில்லை" என்று நீங்கள் எல்லோரும் மாதக்கணக்கில் கேட்டுவிட்டீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பாலாலயம் முடிந்த வாரம் சாரம் கட்ட வந்தவர்கள் ஸ்பீக்கர்களை இறக்கினார்கள். கைக்கு எட்டிய இடத்தில் வயரை வெட்டி, எல்லாவற்றையும் நான்கு சாக்குகளில் கட்டி வைத்தார்கள். அவர்கள் வேலை அவர்களுக்கு. 250 வாட் ஆம்ப்ளிபையரை இதற்கிடையில் பழுதுபார்க்க வெளியே கொடுத்திருந்தோம். உதிரி கிடைக்கவில்லை என்று, பிரித்த நிலையிலேயே ஓர் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தது. கழற்றும் முன் நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அது குழுவின் தவறு, வேறு யார் மேலும் பழி இல்லை.

இந்த அமைப்பை 1990களில் போட்டுக் கொடுத்த மைக் செட் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் படம் எதுவும் வரைந்து வைக்கவில்லை. எந்த வயர் எங்கே போகிறது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். புதிய செட் வாங்கிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருந்ததால் பழையதையே பூட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நம் உறுப்பினர் ஒருவரும், மின்வேலை தெரிந்த இருவரும், ஐ.டி.ஐ. படிக்கும் இரண்டு பிள்ளைகளும் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்காக உட்கார்ந்தார்கள்.

மைக் செட் அறைச் சுவரில் ஒரு குழாயிலிருந்து ஏழு ரெட்டை வயர்கள் தொங்கின. ஏழும் ஒரே சாம்பல் நிறம். மறுமுனைகள் கோயில் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஒருவர் மண்டபத்தில் ஒரு முனையின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிப் பிடிப்பார். அறையில் இருப்பவர் மீட்டரை ஒவ்வொரு ஜோடியாக வைத்துப் பார்ப்பார். எங்கே 'பீப்' வருகிறதோ அதுதான் அந்த வயர். போனில் பேசிக்கொண்டே இப்படி ஆறு ஜோடிகளைப் பிடித்துவிட்டோம். ஏழாவது மட்டும் விளங்கவில்லை. யாரும் எங்கும் முறுக்காமலேயே அதில் மின்தடை அறுபது ஓமுக்குப் பக்கம் காட்டியது. நடுவில் எலி கடித்து வயர் ஒட்டியிருக்கும் என்று முதலில் நினைத்தோம். அப்படியானால் ஏறத்தாழ பூஜ்யம்தான் காட்டும். நம் ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் உண்டு. அறுபது ஓம் என்றால் மறுமுனையில் அப்படி ஒரு டிரான்ஸ்பார்மர் சுருள் இருக்கிறது, அதாவது இறக்கப்படாத ஸ்பீக்கர் ஒன்று இன்னும் எங்கேயோ மாட்டியபடியே இருக்கிறது என்று பொருள். அரை நாள் தேடி, மடப்பள்ளி வாசலுக்கு மேலே உத்தரத்தோடு உத்தரமாகக் கரிபிடித்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தோம். நைவேத்தியம் செய்பவருக்குப் பூஜை நேரம் தெரிய வேண்டும் என்று பெரியவர் வைத்ததாக இருக்கும்.

அடுத்த கேள்வி, சாக்கிலிருந்த ஸ்பீக்கர்களில் எது எந்த வயரில் இருந்தது என்பது. இங்கே நடந்ததை நாங்கள் மறக்கப் போவதில்லை. ஸ்பீக்கர்களின் வால்வயரில் ஆங்காங்கே முடிச்சுகள் இருந்தன. சிக்கு என்று நினைத்து, முதல் ஞாயிறே இரண்டு ஸ்பீக்கர்களின் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டோம். மண்டபத்தில் பூக்கட்டும் அக்கா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இது சிக்கு இல்ல தம்பி, போட்ட முடிச்சு. எண்ணிப் பாத்தீங்களா?" என்றார். எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை. அறையில் தொங்கிய வயர்களிலும் தூசியைத் துடைத்துப் பார்த்தால் அதே எண்ணிக்கை. மடப்பள்ளி வயரில் ஏழு. இன்னொன்றும் தெரிந்தது. ரெட்டை வயர் பிரியும் இடத்தில் முடிச்சு எப்போதும் ஒரே கம்பியில்தான் விழுந்திருந்தது. பிளஸ் கம்பியில். நாங்கள் படம் இல்லை, படம் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தபோது பெரியவர் படத்தை வயரிலேயே எழுதி வைத்திருந்தார்.

ஆம்ப்ளிபையரில் அப்படி ஒரு துணை கிடைக்கவில்லை. அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலிருந்து ஸ்பீக்கர் பக்கம் வரும் கம்பிகள் ஆறு. பூஜ்யம், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட். நிறமெல்லாம் வெளுத்துவிட்டது. டிரான்சிஸ்டர் பக்கக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, மீட்டரில் அதிக ஓம் காட்டிய இரு முனைகளுக்கு, சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து 12 வோல்ட் ஏ.சி. கொடுத்தோம். ஒரு முனையிலிருந்து மற்ற கம்பிகளை அளந்தால் 3.8, 5.4, 7.6, 8.4 வோல்ட் வந்தது. 4, 8, 16 ஓம் முனைகளின் வோல்டேஜ் 1, 1.4, 2 என்ற விகிதத்தில் ஏற வேண்டும். 3.8-இன் இரு மடங்கு 7.6. ஆக, எந்த முனையிலிருந்து அளந்தோமோ அதுதான் பூஜ்யம். 3.8, 5.4, 7.6 காட்டியவை முறையே 4, 8, 16 ஓம் முனைகள். 8.4 என்பது 70 வோல்ட் முனை, 12 வோல்ட் கொடுத்த மறுமுனை 100 வோல்ட். எதிர் முனையைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு அளந்தபோது இந்த விகிதம் அமையவே இல்லை. ஐ.டி.ஐ. பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துச் சொன்னார்கள். குழுவுக்கு அது தனி மகிழ்ச்சி.

நம் கோயிலில் 100 வோல்ட் லைன்தான். அதாவது, ஆம்ப்ளிபையர் ஒலியை அதிக வோல்டேஜில் அனுப்பும், ஸ்பீக்கருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்துக்கொள்ளும். ஏன் என்று சிலர் கேட்டீர்கள். அறையிலிருந்து கடைசிப் பிரகார ஸ்பீக்கர் வரை வயர் வெகு நீளம். வயரிலேயே 2 ஓம் இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகப் போய்விடும். 100 வோல்ட் லைனில் 10 வாட் ஸ்பீக்கர் 1000 ஓம் போலத் தெரியும், அதன் முன்னால் 2 ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்பீக்கர்களின் வாட்டைக் கூட்டினால் ஆம்ப்ளிபையரைத் தாண்டக் கூடாது. இப்போது மகா மண்டபத்தில் நான்கு, ஒவ்வொன்றும் 20 வாட். பிரகாரத்தில் ஆறு, ஒவ்வொன்றும் 15. மடப்பள்ளியில் 5. மொத்தம் 175. விழாவுக்கு என்று யாராவது இரண்டு பாக்ஸ் கொண்டுவந்து இதே லைனில் சொருகினால் தயவுசெய்து முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.

வீங்கியிருந்த கெபாசிட்டர்களை மாற்றிவிட்டு, ஸ்பீக்கர் எதுவும் இணைக்காமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஆம்ப்ளிபையருக்கு முதல் கரண்ட் கொடுத்தோம். பல்ப் பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். அது ஒரு கணம் எரிந்து மங்கிவிட்டது. அறையில் அன்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

எல்லாம் பூட்டி, ஓதுவார் ஐயாவைப் பாடச் சொன்னோம். சத்தம் வந்தது. ஆனால் மகா மண்டபத்தின் நடுவில் நின்றால் அவர் குரல் குரலாக இல்லை. கீழ்ஸ்தாயி கரைந்துபோய், ஓட்டைப் பானைக்குள் பாடுவது போல இருந்தது. தூணருகே தள்ளி நின்றால் சரியாகிவிடும். இரண்டு ஸ்பீக்கர்கள் எதிர்த்திசையில் வேலை செய்தால் இப்படித்தான் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இறக்கி, உள்ளே இருக்கும் லைன் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை நேராக ஸ்பீக்கரின் இரு முனைகளில் தொட்டுப் பார்த்தோம். ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். தலைகீழாக மாட்டப்பட்டிருந்தவை, நாங்கள் முடிச்சை அவிழ்த்த அதே இரண்டு ஸ்பீக்கர்கள். மாற்றிக் கொடுத்தபின் அவர் மறுபடி பாடினார். நடு மண்டபத்தில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, முதல் தடவையாக ஒவ்வொரு சொல்லும் புரிந்தது என்றார்.

கடைசித் தொல்லை, 'ஊம்' என்ற இரைச்சல். மைக் வயரும் விளக்கு லைனும் ஒரே குழாயில் போனதும், மைக் வயரின் வலைக்கம்பி வழியில் ஓர் இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்ததும்தான் காரணம். மைக்குக்குத் தனிக் குழாய் போட்டு, புது வயரில் மைக் கனெக்டரின் 1-ஆம் முள்ளுக்கு வலை, 2-க்கு சிவப்பு, 3-க்கு வெள்ளை என்று ஈயம் வைத்தோம். இரைச்சல் நின்றது.

கோபுரத்தில் இருந்த நான்கு கூம்பு ஸ்பீக்கர்களைத் திரும்ப ஏற்றவில்லை. இது சிலருக்கு வருத்தம் என்று தெரியும். மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்டுத்தான் ஊரே எழுந்திருக்கும். ஆனால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. புதிதாகச் செய்த சுதையில் ஆணி அடிக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. நம் தெருக்களில் கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கிறார்கள். உள்ளே வந்தவருக்குச் சொல் தெளிவாகக் கேட்கட்டும் என்பதே குழுவின் ஒருமித்த முடிவு. கூம்புகளுக்குப் போன ஒன்றாம் எண் வயரை நுனிகளுக்கு டேப் சுற்றி அப்படியே விட்டிருக்கிறோம்.

செலவு: மைக் வயர், குழாய், கனெக்டர்கள் 4,300 ரூபாய். கெபாசிட்டரும் சில்லறை உதிரிகளும் 1,850. மொத்தம் 6,150. கூலி யாரும் வாங்கவில்லை.

முழு வயரிங் படத்தையும் வரைந்து, லேமினேட் செய்து, அறைக் கதவின் உள்பக்கம் மாட்டியிருக்கிறோம். ஒரு பிரதி அலுவலக பீரோவில், ஒன்று குருக்கள் வீட்டில். ஒவ்வொரு வயரிலும் எண் ஒட்டியாகிவிட்டது. பெரியவரின் முடிச்சுகளை அவிழ்க்கவில்லை. நாங்கள் அவிழ்த்த இரண்டையும் அவர் போட்ட எண்ணிக்கையிலேயே, பிளஸ் கம்பியில், திரும்பப் போட்டுவிட்டோம். வடக்குப் பிரகாரத்துக் கடைசி ஸ்பீக்கர் மட்டும் இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. கோன் மாற்ற வேண்டும், பௌர்ணமிக்குள் முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு