பிளஸ் டூ பிள்ளைகளின் கோப்புகளை முதலில் எடுங்கள்

மத்திய உள்துறை அமைச்சகத்தின் அயல்நாட்டார் பிரிவு அதிகாரிகளுக்கு, தில்லியில் குடியுரிமை வழக்குகளைப் பார்க்கும் தமிழ் வழக்கறிஞர்கள் எழுதுவது.

வணக்கம். தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் நாடற்றவர்களாக இருக்கும் மலையகத் தமிழர்களை, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய இங்கிருந்து போனவர்களின் வழிவந்தவர்களைப் பற்றியது இந்த மடல். 1948-இல் இலங்கை இவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. இலங்கையுடன் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த வேலை முடிவதற்குள் 1983 வன்முறை வந்தது; தோணியேறி வந்தவர்கள் ஏதிலிகள் ஆனார்கள். இது தில்லியில் தீர வேண்டியது. திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் தீராது.

கடவுச்சீட்டு, விசா இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது 1955 குடியுரிமைச் சட்டம். அந்தப் பெயர் விழுந்தால் பதிவின் மூலம் குடியுரிமை தரும் பிரிவு 5(1), இயல்புரிமையாகக் குடியுரிமை தரும் பிரிவு 6 இரண்டுமே மூடிவிடும். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவான இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு அளித்தீர்கள். வரவேற்கிறோம். ஆனால் சிறைப் பயம் போயிற்றே தவிர அந்தப் பெயர் போகவில்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு சிறுபான்மை மதத்தாருக்கு அதை நீக்கியது. இலங்கை அதில் இல்லை.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு, பலர் கவனிக்காதது. ‘இந்திய வம்சாவளி’ என்று பதிய, தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். நான்கு தலைமுறை தேயிலைத் தோட்டத்தில் கழித்த குடும்பத்துக்குக் கொள்ளுப்பாட்டன் புதுக்கோட்டையில் பிறந்தது கணக்கில் வராது. இந்த விளக்கத்தில் மூதாதையரையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவாருங்கள்.

1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள், விண்ணப்பமே வேண்டாம். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்தவருக்குக் கடவுச்சீட்டு தர 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆளுக்கொரு வழக்குப் போட வைக்காதீர்கள். அந்தத் தீர்ப்பை எல்லாக் கடவுச்சீட்டு அலுவலகங்களுக்கும் அனுப்பச் செய்யுங்கள்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குத் திருத்தமும் வேண்டாம். சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்தச் சிறாரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதியலாம் என்கிறது பிரிவு 5(4). சட்டவிரோதக் குடியேறி என்ற தடை அந்த உட்பிரிவில் எழுதப்படவே இல்லை. இந்தப் பிள்ளைகள் எந்த எல்லையையும் தாண்டியவர்கள் அல்லர். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஏதிலியர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் மூன்றும் அவர்களிடம் இருக்கும், தாசில்தார் சரிபார்த்துவிடலாம். கடவுச்சீட்டு நகலுக்குப் பதில் இவற்றை ஏற்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். பதினெட்டு வயது நிறைந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே பிளஸ் டூ படிப்பவர்களின் கோப்புகளை முதலில் எடுங்கள்.