உரிமத்தின் பெயரையும் பதிப்பையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கட்டற்ற மென்பொருள்கள் அனைத்தும் ‘இலவச மென்பொருள்’ என்றே குறிப்பிடப்படுகின்றன. காசின்றிக் கிடைக்கும் மென்பொருள் வேறு; இயக்கவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் நமக்கு உரிமை தரும் மென்பொருள் வேறு. இந்த வேறுபாட்டைப் பலர் எழுதிவிட்டார்கள். இந்த உரிமைகளை எந்த நிபந்தனைகளோடு தருகிறார்கள் என்று சொல்லும் கட்டற்ற உரிமங்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடுகள்தான் போதுமான அளவு பேசப்படவில்லை.

எம்ஐடி உரிமத்தில் வந்த நிரலை, அதன் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காத வரையில், மூடிய மென்பொருளிலும் சேர்த்துக்கொள்ளலாம். ஜிபிஎல் (குனு பொதுமக்கள் உரிமம்) அப்படியல்ல, நிரலை மாற்றி வெளியிடுபவர் அதை மூலநிரலோடு அதே உரிமத்தில் தர வேண்டும். காப்பிலெஃப்ட் எனப்படும் இந்த நிபந்தனை, ஜிபிஎல்-இன் மாற்று வடிவமான எல்ஜிபிஎல்-இல் சற்றுத் தளர்கிறது. மற்றொரு வடிவமான ஏஜிபிஎல்-இல் இணையவழிச் சேவைகளுக்கும் நீள்கிறது.

ஜிபிஎல்-ஐ வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தனது பட்டியலில், கட்டற்ற உரிமங்களை ஜிபிஎல்-உடன் பொருந்துபவை (அதாவது ஜிபிஎல் நிரலோடு ஒரே மென்பொருளில் சேர்த்து வெளியிடத்தக்கவை), பொருந்தாதவை என்று மேலும் பிரிக்கிறது. இப்பிரிவு ஏட்டளவில் நிற்பதில்லை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் எழுதிய செயலியில் இணைத்த நிரல்தொகுப்புகளில் ஒன்று அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருந்தது. மற்றொன்றின் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ‘ஜிபிஎல் பதிப்பு 2 மட்டும்’ என்று எழுதியிருந்தது. இரண்டுமே கட்டற்ற உரிமங்கள். ஆனால், பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) வழக்குத் தொடுப்பவர் தமக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதியை இழப்பார் என்பது போன்ற விதிகள் அப்பாச்சி உரிமத்தில் இருப்பதால், கூடுதல் கட்டுப்பாடு எதையும் ஏற்காத ஜிபிஎல் பதிப்பு 2 அதனோடு பொருந்தாது என்பது அறக்கட்டளையின் நிலைப்பாடு. வெளியீட்டுக்கு முந்தைய வாரம்தான் இதைக் கவனித்தேன். ஒரு தொகுப்பை அகற்றி, அது செய்த வேலையை முதலிலிருந்து எழுத நேர்ந்தது. அந்தத் தலைப்பில் ‘பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது’ என்று இருந்திருந்தால், 2007இல் வெளியான பதிப்பு 3இன் கீழ் இரண்டையும் சிக்கலின்றி இணைத்திருப்பேன்.

உரிமத்தின் பெயரை மட்டும் சொல்வதும் போதாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான பழைய பிஎஸ்டி உரிமம், விளம்பரங்களில் நிரலை உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற விதியால் ஜிபிஎல்-உடன் பொருந்தாமல் இருந்தது. அப்பல்கலைக்கழகம் 1999இல் அவ்விதியைத் தன் உரிமத்திலிருந்து நீக்கியது. ஆயினும் பிறர் அதே வடிவில் வெளியிட்ட நிரல்களில் பழைய வாசகம் இன்னும் இருக்கக்கூடும்.

ஆகவே, ஒரு மென்பொருளை அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு கட்டுரையிலும் அதன் உரிமத்தின் பெயர், பதிப்பு எண், ‘மட்டும்’ அல்லது ‘பிந்தையது’ என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிரலெழுதும் வாசகர் ஒருவர்