கிணற்றடி ஜெபங்களுக்கு நன்றி

அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து கைகொடுத்த உறவுகளுக்கும் வணக்கம்.

லெந்து எனும் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை வழிபாடு ஆண்டவர் கிருபையால் நல்லபடியாக நடந்து முடிந்தது. ஜெபங்களை எழுதியது நான் என்று வழிபாட்டுத் தாளின் அடியில் போட்டிருந்தார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதிக்கு உரியவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லவே இந்த மடல்.

போதகர் ஐயா எனக்குத் தந்த பகுதி யோவான் 4ஆம் அதிகாரம், கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கும் கதை. இரண்டு கிழமை இருந்து எழுதினேன். பாவ அறிக்கைக்கு 51ஆம் சங்கீதத்தை எடுத்தேன். "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயம்" என்பதைவிட நல்ல சொல் எனக்கு வராது. ஆனால் அதைச் சுற்றி நான் எழுதிய வசனங்கள் ஒவ்வொன்றும் நாலு வரிக்கு நீண்டன. அதை எங்கள் தெருக்கோடி ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விறாந்தையில் இருந்து, வரியின் கீழே விரலை வைத்து, சத்தமாக வாசித்தார். இரண்டாம் வசனத்தில் நின்றுவிட்டார். "பிள்ளை, நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் சேர்ந்து சொல்ல ஏலாது. மூச்சு எங்க விடுறது?" என்றார். பிறகு பென்சிலை வாங்கி, தனக்கு மூச்சு முட்டின இடமெல்லாம் ஒரு கோடு போட்டுத் தந்தார். அந்தக் கோடுகளில்தான் வெட்டினேன். மூன்று வரியாக இருந்த சபையின் பதிலுரை "எங்கள் தாகத்தை நீர் அறிவீர்" என்று நாலு சொல்லானது. அன்று மாலை ஒருவரும் தாளைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. ஆச்சி, உங்களுக்கு என் முதல் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் ஒற்றுப் பிழை பார்த்துத் தந்தார். அவர் சைவர். கேட்கத் தயங்கினேன். "சைவரான ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாரோட இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கின ஊர் இது. நான் உங்கட ஜெபத்துக்கு ஒற்றுப் போடக்கூடாதோ?" என்றார். 1850இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பின் கதையை அவர் சொல்ல, ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். சேர், மிக்க நன்றி.

இனி, சொல்வதற்குக் கடினமான நன்றி.

வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம் மாரி மழையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் உவர் ஏறும். இதையெல்லாம் வைத்துத் தண்ணீருக்காக அழகான ஒரு மன்றாட்டு எழுதியிருந்தேன். எங்கள் சபையின் மூத்த ஐயா ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: சின்ன வயதில் தாகத்தோடு ஒரு வளவுக் கிணற்றடிக்குப் போனால், வாளியைத் தொடக்கூடாது, யாராவது அள்ளி வரும்வரை தள்ளி நிற்க வேண்டும், வந்தால் உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள், குனிந்து கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து காட்டினார். எண்பது வயதுக் கைகள்.

யூதரும் சமாரியரும் ஒரே பாத்திரத்தில் புழங்காத கதையை அத்தனை வருடம் வாசித்தும் எனக்கு அது வேறு தேசத்துக் கதையாகவே இருந்தது. அன்றிரவு மன்றாட்டைக் கிழித்துவிட்டு, பாவ அறிக்கையில் சேர்க்க இதை எழுதினேன்:

"ஆண்டவரே, எங்கள் கிணற்றடிக்கு வந்தவரின் சாதியைக் கேட்டோம், தாகத்தைக் கேட்கவில்லை. மொண்டுகொள்ளப் பாத்திரமில்லாமல் நீரும் அங்கே நின்றீர்."

ஆராதனையில் சாதி என்ற சொல் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான தயக்கம்தான். ஆனால் பாவ அறிக்கையில் பாவத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டால் எதை அறிக்கையிடுகிறோம்? போதகர் ஐயா அந்த வரி இருக்கட்டும் என்றார். அதற்காக அவருக்கு நன்றி. கேட்டவர்களும் அன்று சேர்ந்து சொன்னார்கள், அவர்களுக்கும் நன்றி.

அந்த வரிக்குப் பின்னால் இரண்டு நிமிட மவுனம் வைக்கச் சொன்னவர் ஒரு கத்தோலிக்க அருட்சகோதரி. சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளில் நிற்கும் அந்த அமைதியில்தான் தான் அதிகம் ஜெபித்திருப்பதாகச் சொன்னார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிக்கோடுக்கு மாற்றி, உடைந்த எழுத்தெல்லாம் சரிபார்த்த வாலிபர் ஐக்கியத் தம்பி தங்கச்சிமாருக்கும் நன்றி.

மவுனம் முடிந்ததும் மூத்த ஐயா எழுந்து முன்னால் போனார். பீடத்தடியில் இருந்த குடத்தில் செம்பால் மொண்டு, வந்தவர்கள் கையிலெல்லாம் தண்ணீர் ஊற்றினார். இது தாளில் இல்லை. நான் எழுதவும் இல்லை. ஐயா, என் கையில் நீங்கள் ஊற்றியபோது நன்றி சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு யோவான் 9, பிறவியிலேயே பார்வையில்லாதவரின் பகுதி. ஆச்சி, நாளைக்குப் பின்னேரம் வருகிறேன். பென்சிலை எடுத்து வையுங்கோ.