ஜனவரி 26 ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் கொடியேற்றிப் பேசியவர், அரசியலமைப்புச் சட்டத்தை ஜனவரி 26 அன்று ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். மிட்டாய்க்குக் காத்திருந்த பிள்ளைகளும் தலையாட்டினார்கள். ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. சரி, முழுதாக நடைமுறைக்கு வர ஏன் இரண்டு மாதம்? 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம், அதாவது முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1930 ஜனவரி 26 அன்று ஊர் ஊராகக் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் அதுதான் சுதந்திர தினம்! 1947இல் ஆகஸ்ட் 15 அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ள, பழைய தேதியை விட மனமில்லாமல் குடியரசுக்குக் கொடுத்தார்கள். அப்புறம், 1950இல் முதல் குடியரசு தின அணிவகுப்பு நடந்தது டெல்லி ராஜபாதையில் (இன்றைய கர்தவ்ய பாதை) அல்ல, அங்குள்ள இர்வின் ஸ்டேடியத்தில். சிறப்பு விருந்தினர் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ.

- வாசகர், கும்பகோணம்