வாக்குமூலத்தில் இல்லாத மாடுகள்: வன்னியின் போக்குவரத்துப் பொலிஸ் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பொலிஸ் நிலையங்களில் போக்குவரத்துப் பிரிவுகளுக்குப் பொறுப்பாக இருக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடுகள் படுத்திருப்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ரோந்து செல்லும் உங்கள் வாகனங்களும் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. காலபோக விதைப்பு முடிந்து வயல்களுக்கு வேலி அடைத்ததும் மேய்ச்சல் தரை இல்லாத மந்தைகள் வீதிக்கு வருவதையும், மழையில் ஊறிய நிலத்தைவிடத் தார் காய்ந்தும் சற்றுச் சூடாகவும் இருப்பதால் அதன் மேலேயே அவை படுத்துக்கொள்வதையும் வன்னியில் ஒரு மாரியாவது கடமையாற்றிய எவரும் அறிவார். ஆகவே அந்தக் கதையை விட்டுவிட்டு, இந்த மடலுக்குக் காரணமானதை மட்டும் எழுதுகிறேன்.

கடந்த காலபோகத்தின்போது, விடிவதற்கு முன்னர், முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் புறப்பட்ட என் தம்பி, அந்த வீதியின் வளைவொன்றில் திடீரென எழுந்து நின்ற மாடுகளுக்காகத் தனது பட்டா வாகனத்தை, அதாவது சிறு லொறியை, வலப்பக்கம் வெட்டினார். எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் வாகனம் மோதியது. அதில் வந்தவருக்குக் கால் முறிந்தது. ஒரு மாடும் அடிபட்டு வீதியோரம் கிடந்தது. தம்பி மீது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், பொறுப்பற்ற விதத்திலும் அபாயகரமாகவும் வாகனம் செலுத்தியதாக வழக்குத் தாக்கல் செய்யப்பட்டுள்ளது. வழக்கு நீதவான் முன்னிலையில் இருப்பதால் அதன் முடிவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. எந்தப் பொலிஸ் நிலையம் என்றும் எழுதவில்லை; ஒன்றைச் சுட்டினால் மற்றவை எல்லாம் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று இருந்துவிடும்.

நான் சொல்ல வந்தது அன்று காலை எழுதப்பட்ட வாக்குமூலத்தைப் பற்றி.

கைச்சட்டையில் கண்ணாடித் துகள்கள் ஒட்டியிருக்க, தம்பி வாங்கில் இருந்தார். மேசைக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர் அரைகுறைத் தமிழில் கேட்டார், தம்பி தமிழில் சொன்னார், அவர் சிங்களத்தில் எழுதினார். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கத்திலும் பாதி வரை எழுதிய பின், தாளைத் திருப்பி வைத்து, கையொப்பம் இடும் இடத்தை விரலால் காட்டினார். அந்த இரு பக்கங்களிலும் என் தம்பியால் வாசிக்க முடிந்தவை இலக்கங்கள் மட்டுமே: தனது அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், திகதி. அவை சரியாக இருந்தன. மிச்சமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, அவர் கையொப்பம் இட்டார். காயப்பட்டவர் பிழைப்பாரா என்று தெரியாத வேளையில், பொலிஸ் நிலையத்துக்குள் இருந்துகொண்டு, வாசித்துக் காட்டினால்தான் ஒப்பம் வைப்பேன் என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

பிறகு எங்கள் சட்டத்தரணி அதன் பிரதியைப் பெற்று வாசிப்பித்தபோதுதான், அந்த வாக்குமூலத்தில் மாடு என்ற பேச்சே இல்லை என்பது தெரிந்தது. வாகனம் வேகமாக வந்ததாகவும், வளைவில் கட்டுப்பாட்டை இழந்ததாகவும், எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் மோதியதாகவும் தம்பியே சொன்னது போல அதில் இருக்கிறது. மாட்டுக்காக வெட்டியது எழுதப்படாவிட்டால் வலப்பக்கம் போனது மட்டும்தான் மிஞ்சும். வலப்பக்கம் போனது மட்டும் மிஞ்சினால் அதற்குப் பொறுப்பற்ற ஓட்டம் என்பதைவிட வேறு பெயர் கிடைக்காது. ஒரே செயல், எழுதப்பட்ட விதத்தால் குற்றமாகிவிடுகிறது.

மதிப்புக்குரிய ஐயாமாரே, வாக்குமூலத்தை எப்படி எடுக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பத்தையோ உங்கள் வசதியையோ பொறுத்த விடயம் அல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, சொன்னவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும், எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது. 1988இல் செய்யப்பட்ட அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் பொதுப் பதிவேடுகளின் மொழியும் தமிழ்தான். இவற்றை உங்களுக்குப் படிப்பிக்கும் தகுதி எனக்கில்லை. என்னைவிட உங்களுக்கு இவை நன்றாகத் தெரியும் என்பதுதான் என் மனவருத்தம். ஆகவே கேட்கிறேன்: வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதத் தெரிந்தவர் கடமையில் இல்லாத வேளையில், எழுதியதைத் தமிழில் முழுமையாகச் சொல்லிக் காட்டிய பின்னரே ஒப்பம் கேளுங்கள்.

விபத்து நடந்த இடத்தின் பதிவும் இப்படித்தான். வீதியின் அகலம், பிறேக் தடத்தின் நீளம், கண்ணாடி சிதறிய இடம் ஆகியவை வரைபடத்தில் இருக்கின்றன. அளந்தவர் நேர்மையாக அளந்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வீதியில் கிடந்த சாணமும், ஓரத்துச் சேற்றில் பதிந்த குளம்படிகளும், அடிபட்ட மாடும் அதில் இல்லை. வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். தொடையில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் அது எவருடைய பட்டியில் நின்றது என்பதை ஊரிலே எவரும் சொல்லிவிடுவார்கள். அந்த எழுத்தை ஒருவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. பொழுது நன்றாக விடிவதற்குள் மாட்டை எவரோ உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாட்டுக்கு நான்தான் சொந்தக்காரன் என்று இனி எவர் வந்து சொல்லுவார்? சொன்னால் பிரதேச சபைக்குத் தண்டம் கட்ட வேண்டிவரும். மோட்டார் சைக்கிளில் வந்தவரோ, தன்னைத் தூக்கிய ஊரவர்களிடம், “அந்தத் தம்பி மாட்டுக்குத்தான் வெட்டினவர், நானும் கண்டனான்” என்று வலியோடும் சொல்லியிருக்கிறார். அதை எழுதிக்கொள்ள அந்த நேரம் அங்கே உத்தியோகத்தர் எவரும் இருக்கவில்லை.

ஒருவர் குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை சுற்றவாளி என்பதை அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை உறுதிப்படுத்துகிறது. நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநருடையது. ஆனால் நடைமுறையில், பதிவில் இல்லாத மாட்டை வீதியில் இருந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பு மீன் ஏற்றும் சாரதியின் தலையில் விழுந்திருக்கிறது. அவரிடம் நிழற்படம் இல்லை. கால் முறிந்து கிடந்தவரைத் தூக்குவதா, படம் எடுப்பதா என்று வந்தால் எங்கள் ஊரில் தூக்கத்தான் செய்வார்கள். முதல் ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் எழுதுவதைத் தவிர, குற்றஞ்சாட்டப்பட்டு எதிரியாக நிற்பவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வேறு சான்று கிடைப்பது அரிது.

வாகனம் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கைக்காக நிலைய வளவில் நின்ற நாட்களிலும் லீசிங் தவணை நிற்கவில்லை. இதை விரித்து எழுத வேண்டியதில்லை. உங்கள் வளவுகளில் புல் முளைத்து நிற்கும் வாகனங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இதற்கிடையில், நிலையத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் ஓர் அறிவுரை சொன்னார்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு முடிந்துவிடும், எதற்கு வீண் அலைச்சல் என்று. வழக்குத் தவணைக்குத் தவணை தொழிலை விட்டு அலைவதைவிட அது மலிவு என்பது உண்மைதான். நீதிமன்ற வாசலில் நின்று பாருங்கள். செய்யாததை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டி, சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுபவர்கள் அங்கே குறைவில்லை. ஆனால் பொறுப்பற்ற விதத்தில் ஓட்டியவர் என்ற தீர்ப்பு, அனுமதிப்பத்திரத்தையே நம்பி வாழும் ஒருவரை அவர் உயிரோடு இருக்கும் வரை தொடரும். காயப்பட்டவர் இறந்திருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டுகள் வரை சிறை என்ற நிலை வந்திருக்கும். அப்போதும் அதே இரு பக்க வாக்குமூலம்தான் நீதிமன்றுக்குப் போயிருக்கும். என் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள மாட்டார்.

மாட்டுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை, ஆகவே அதன் மீது வழக்குப் போட முடியாது என்பது எங்களுக்கும் விளங்குகிறது. மந்தைகளைப் பட்டியில் அடைக்காத உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதைவிட, விபத்து நடந்த இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சாரதியைப் பிடிப்பது இலகு என்பதும் விளங்குகிறது. மணல் ஏற்றிய டிப்பர்கள் அதே வீதியில் இரவிரவாகப் பறக்கின்றன; எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் அதிர்கிறது. அவற்றின் வேகம் மட்டும் ஏன் எவருடைய குறிப்புப் புத்தகத்திலும் ஏறுவதில்லை என்று கேட்டால் என் மடல் வேறெங்கோ போய்விடும். சொல்ல வந்ததற்குத் திரும்புகிறேன். கோபத்தில் எழுதிய வரிகளைப் பொறுத்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன். மழையிலும் வெயிலிலும் வீதியில் நிற்கும் உங்கள் கடமையின் கடினத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

நான் கேட்பது சலுகை அல்ல. சாரதி சொல்வதைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்னதைத் திருத்திய பின் ஒப்பம் பெறுங்கள். வரைபடத்தில் வீதியில் இருந்த எல்லாவற்றையும் குறியுங்கள்: மாடு என்றால் மாடு, அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியை மறித்துக் காயவிட்ட நெல் என்றால் நெல், எரியாத வீதி விளக்கு என்றால் விளக்கு. இவை எல்லாம் எழுதப்பட்ட பின்னரும் சாரதி பொறுப்பற்ற விதத்தில்தான் ஓட்டினார் என்று நீதிமன்றம் காணுமானால், தண்டனையை ஏற்க நாங்கள் ஆயத்தம்.

அடுத்த காலபோகத்துக்கு வயல்கள் அடைபடும்போது மாடுகள் மீண்டும் வீதிக்கு வரும். அதற்கு முன்னராக, வாக்குமூலங்களைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டுவதற்கான பணிப்புரையை உங்கள் நிலையங்களில் விடுத்து, அதை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டிவைக்குமாறு மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்துச் சாரதி ஒருவரின் அண்ணன்